கட்டுக்குள் வைப்பது எது?

திருவனந்தபுரத்தை அடுத்த வெள்ளாயணிப் பக்கம் ஏதாவதொரு தென்னந்தோப்பில் அண்ணாந்து பார்த்தால், விரிந்த மட்டையின் கீற்றுகள் கத்தரிக்கோலால் நறுக்கியதுபோல் முக்கோணமாய் அறுபட்டிருப்பதைக் காணலாம். மட்டை குருத்தாக இருந்தபோதே காண்டாமிருக வண்டு குடைந்ததன் தழும்பு அது. இந்த வண்டை எப்படி ஒழிப்பது என்றே நாம் காலங்காலமாகக் கேட்டு வந்திருக்கிறோம்.

ஜெர்மானிய அறிஞர் அலாய்ஸ் ஹியூகர் வேறொன்றைக் கேட்டார். 1909-இல் சமோவாவுக்குள் தற்செயலாய் நுழைந்த இவ்வண்டு அங்கே தென்னைகளைச் சூறையாடியது. அதன் தாயகமான ஆசியாவில் அதைக் கட்டுக்குள் வைத்திருப்பது எது? விடை தேடி 1963-இல் மலேயா சென்றவருக்கு, உடல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும்படி வெளிறிப்போன நோயுற்ற புழுக்கள் கிடைத்தன. அந்நோய்க்குக் காரணம், அதுவரை எவரும் அறியாத ஒரு வைரஸ். 1967-இல் அது சமோவாவில் விடப்பட்டது. வண்டின் பெருக்கம் தணிந்தது. பின்னர் 1980-களில் கேரளத்தின் காயங்குளத்து ஆய்வாளர்கள் அதை லட்சத்தீவின் மினிக்காயில் பரப்பி, அங்கும் பலன் கண்டார்கள்.

இந்த வைரஸ் வளர்ந்த வண்டை உடனே கொல்வதில்லை. நோயுற்ற வண்டு சில வாரங்கள் பறந்து திரிகிறது. குறைவாகத் தின்கிறது, முட்டையிடும் ஆற்றலை இழக்கிறது, போகுமிடமெல்லாம் எச்சத்தின் வழியே தன் இனத்துக்கு நோயை விதைக்கிறது. தொற்றிய கணமே கொன்றுவிடும் வைரஸாக இருந்திருந்தால், பரவ வழியின்றி அந்த வண்டோடு அதுவும் மடிந்திருக்கும்.

ஆயினும் 2007-இல் குவாம் தீவில் தென்பட்ட வண்டுகளை இந்த வைரஸ் அடக்கவில்லை. கண்டடைந்த விடையைக் கையில் வைத்துக்கொண்டு நாம் ஓய்ந்திருக்க முடியாது என்பதை அது உணர்த்தியது.

உயிர்கள் ஒன்றையொன்று அடியோடு அழிப்பதால் அன்று, ஒன்றுக்கொன்று அளவு வகுத்துக்கொள்வதாலேயே இவ்வுலகம் நிலைபெறுகிறது என்பதையும், அந்த அளவுகூட ஒருமுறை எழுதி முடித்த தீர்ப்பாக இல்லாமல் காலந்தோறும் மாறிக்கொண்டே இருக்கும் உடன்பாடு என்பதையும் உணரும்போது, அறிவின் கடமை வெற்றியைத் தேடுவதைவிட விழிப்போடு இருப்பதே என்று நமக்கு விளங்குகிறது. எதை வெறுக்கிறோமோ அதையும் பொறுமையாக உற்றுநோக்கக் கற்றவருக்கே இயற்கை தன் நியதியைக் காட்டுகிறது.