சன்மானமும் நியாயமும்

மாதந்தோறும் ஊதியம் கொடுத்துவிட்ட பின்னர், ஊழியன் புத்தியில் உதித்த புதிய யோசனைக்கென்று தனியே சன்மானம் வழங்குவது முதலாளியின் தயாளமா, அல்லது அவர் தீர்த்தே ஆகவேண்டிய கடனா என்ற கேள்வி எளிதில் தீர்வதன்று. 1880-ஆம் ஆண்டிலேயே ஸ்காட்லாந்தின் டம்பார்ட்டன் நகரில் கப்பல் கட்டும் தொழில் நடத்திய வில்லியம் டென்னி, தம் தொழிலாளர் கண்டு சொல்லும் சீர்திருத்தங்களுக்குப் பரிசளிக்க ஒரு திட்டம் வகுத்தார். 1951-இல் ஜப்பானின் டொயோட்டா நிறுவனமும் ஊழியர்களின் யோசனைகளைக் கேட்டுப் பெறும் முறையைத் தொடங்கியது. முறை பழையதாயினும், அதன் தர்மம் எது என்ற விவகாரம் இன்றும் ஓயவில்லை.

அதே ஜப்பானில், நிச்சியா என்னும் நிறுவனத்தில் ஊழியராயிருந்த ஷூஜி நகமுரா, பிறர் பலரும் பயனில்லையென்று ஒதுக்கிய மார்க்கத்தில் விடாது உழைத்து, 1993-இல் பிரகாசமான நீல ஒளி உமிழும் டையோடை உலகுக்கு அளித்தார். அதற்கு அடிப்படையான ஒரு காப்புரிமைக்காக அவர் பெற்ற வெகுமதி 20,000 யென். அவர் வழக்குத் தொடுக்க, 2004-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் அளிக்குமாறு தீர்ப்புக் கூறியது. மேல்முறையீட்டில், மறு ஆண்டே, ஏறத்தாழ 84 கோடி யென்னுக்கு வழக்கு சமரசமாயிற்று.

நிறுவனத்தின் பக்கத்திலும் நியாயம் உண்டு. பலன் நிச்சயமில்லாத காலத்தில் கோடிக்கணக்கான யென்னை அந்த ஆராய்ச்சிக்கு ஒதுக்கி, நகமுராவை அமெரிக்காவுக்கும் அனுப்பிவைத்தவர் நிச்சியாவின் ஸ்தாபகர் நொபுவோ ஒகாவா. முயற்சி தோற்றிருந்தால் நஷ்டம் நிறுவனத்துக்கே அன்றி நகமுராவின் சம்பளத்துக்கு அல்ல. ஆயினும், பின்னர் வந்த நிர்வாகம் அவ்வேலையை நிறுத்தச் சொன்னபோதும் நிறுத்தாமல் தொடர்ந்த அந்த மனவுறுதியை எந்தச் சம்பளப் பட்டியலும் விலைக்கு வாங்கியிருக்க இயலாது.

இரு கட்சியும் மெய்யானால், அநீதி எங்கே இருக்கிறது? ஒரே மனிதரின் உழைப்புக்கு மூன்று விதமான தொகைகள் கணிக்கப்பட்டதே விடை சொல்கிறது: இருவரும் முன்னரே ஒப்புக்கொண்ட அளவுகோல் ஒன்றும் அங்கே இருக்கவில்லை. வாரத்துக்கு நிலம் விடுகிறவரும் உழுகிறவரும் பங்கை விதைப்புக்கு முன் பேசி முடிக்கிறார்களே ஒழிய, நெல் களத்துக்கு வந்தபின் நிலக்காரர் மனம்போல் அளந்து போடுவதை யாரும் நீதியென்று ஏற்பதில்லை. ஊழியரின் கண்டுபிடிப்பை நிறுவனம் எடுத்துக்கொண்டால் நியாயமான ஈடு தரவேண்டுமென்று ஜெர்மனி 1957-இலேயே சட்டம் செய்ததும் இந்தத் தத்துவத்தை ஒட்டியதே.

பங்கை முன்கூட்டிப் பேசுவதோடு கடமை தீர்ந்துவிடாது. ஒருவரை மட்டும் மேடையேற்றி மாலையிடும் திட்டம், உடன் உழைத்தவர்களின் பிரயாசையை மறைத்து, அடுத்த முறை அவரவர் யோசனையை அவரவரே ஒளித்து வைத்துக்கொள்ளும் சுபாவத்தை வளர்க்கும். ஆகவே துணை நின்றோரின் பெயரும் பங்கும் பதிவாக வேண்டும். ஏற்கப்படாத யோசனைக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும். சிரத்தையோடு செய்து தோற்றவனுக்குத் தண்டனை கூடாது. தோல்விக்கு அஞ்சுகிறவன் புதிதாக எதையும் தொடமாட்டான்.

சன்மானத்தின் தொகை பெரிதா சிறிதா என்பது இரண்டாவது கேள்வியே. அது முன்னரே அறிவிக்கப்பட்ட, எவரும் கேட்டுப் பெறக்கூடிய உரிமையாக இருக்கிறதா என்பதுதான் முதற்கேள்வி. அவ்வாறு இல்லாத பரிசு, எவ்வளவு பெரிதானாலும், தானமே அன்றி நியாயம் ஆகாது.