மூன்று முறை கதவு தட்டப்பட்டது



இந்த மாதச் செய்தியை ஒரு பாவ அறிக்கையோடு ஆரம்பிக்கிறேன். சில வருஷங்களுக்கு முன் நம் சபைச் சகோதரி ஒருவர் தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். "பாஸ்டர், பாப்பா பிளஸ் டூ முடிச்சிட்டா. நர்சிங் படிக்கணும்னு ஆசைப்படுறா. ஜெபம் பண்ணுங்க" என்றார்கள். நானோ ஜெபிக்கும் முன்பே, "நைட் டூட்டி வரும், ஞாயிறு ஆராதனை போயிடும். அபிஷேகம் உள்ள பிள்ளை, வேதாகமக் கல்லூரிக்கு அனுப்புங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. ஆனாலும் தாயார் நர்சிங்கில்தான் சேர்த்தார்கள். எனக்கு உள்ளுக்குள் வருத்தம்.

அதன்பின் என் தாயார் பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார்கள். உபவாசித்து ஜெபித்தோம். ஓர் இராத்திரி இரண்டு மணி இருக்கும். அம்மா படுக்கையிலேயே மலம் கழித்துவிட்டார்கள். பெற்ற மகன் நான், மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறேன்! ஒரு சின்ன வயது நர்ஸ் வந்தாள். "பாட்டி, கொஞ்சம் திரும்பிக்கோங்க" என்று சொல்லி, முகம் சுளிக்காமல் துடைத்து, துணி மாற்றி, முதுகில் புண் வராதபடி ஒருக்களித்துப் படுக்க வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள். சீஷர்களின் கால்களைக் கழுவினவரைப் பற்றி எத்தனை பிரசங்கம் பண்ணியிருக்கிறேன்! அந்த வார்டிலேதான் ஆவியானவர் என்னை உணர்த்தினார்.

பிரியமானவர்களே, ஐடா ஸ்கட்டர் அம்மையாரை அறிவீர்கள். 1870ல் இராணிப்பேட்டையில் மிஷனெரி டாக்டருக்கு மகளாகப் பிறந்தவர். ஆனாலும் மிஷனெரி ஊழியமே வேண்டாம், அமெரிக்காவில் போய் வாழவேண்டும் என்றிருந்தார். சுகவீனமான தாயைப் பார்க்கத் திண்டிவனம் வந்திருந்தபோது, ஒரே இராத்திரியில் மூன்று பேர் கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவிகளும் பிரசவ வேதனையில். ஆண் டாக்டர் தொடக்கூடாது, ஒரு பெண் வரவேண்டும் என்றார்கள். ஐடாவோ வைத்தியம் படிக்கவில்லை. விடிந்தபோது மூன்று தாய்மாரும் இறந்துபோயிருந்தார்கள்.

வானத்திலிருந்து சத்தம் வரவில்லை. மூன்று முறை கதவு தட்டப்பட்டது, அவ்வளவுதான். அதுவே அழைப்பு! 1899ல் டாக்டர் பட்டம் பெற்று, 1900ல் திரும்பி வந்து, வேலூரில் ஒரே கட்டிலோடு ஆரம்பித்தார். 1902ல் 40 கட்டில் உள்ள ஆஸ்பத்திரி. 1909ல் நர்சுகளுக்குப் பயிற்சிப் பள்ளி. 1918ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. அதுவே இன்றைக்கு நாம் அறிந்த வேலூர் சி.எம்.சி. ஊழியம் கொள்ள அல்ல, ஊழியம் செய்யவே மனுஷகுமாரன் வந்தார் (மத்தேயு 20:28) என்ற சத்தியமே அதன் குறிக்கோள்.

"பாஸ்டர், தேவன் சுகமாக்குகிறவர் இல்லையா?" என்பீர்கள். ஆமென், அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை! ஆனால் எசேக்கியாவுக்குப் பதினைந்து வருஷம் கூட்டிக்கொடுத்த அதே தேவனுடைய தீர்க்கதரிசிதான், அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொன்னார் (ஏசாயா 38). பவுலோடு கடைசிவரை இருந்தவர் யார்? வைத்தியனாகிய லூக்கா! கை வைத்து ஜெபிக்கிறதும் ஊழியம், கை பிடித்து நாடி பார்க்கிறதும் ஊழியம். எஜமானர் ஒருவரே.

பெற்றோரே, பிள்ளைக்கு மெடிக்கல் சீட் கேட்டு ஜெபிக்கிறீர்கள். எதற்காக? ஊர் மெச்சவா, நல்ல இடத்தில் சம்பந்தம் வரவா? உங்களைச் சோதித்துப் பாருங்கள். வாலிபத் தம்பி தங்கைகளே, 'நீட்' மார்க் குறைந்ததால் தேவன் கைவிட்டார் என்று அழாதீர்கள். காயம் கட்டின சமாரியன் டாக்டர் அல்ல. நர்ஸ், லேப் டெக்னீஷியன், மருந்தாளுநர், வார்டு ஆயா என எந்த வேலையிலும் அந்த எண்ணெயும் திராட்சரசமும் உங்கள் கையில் உண்டு.

போன மாதம் அந்தப் பிள்ளை லீவில் வந்தாள். சபைக்கு முன்பாகவே மன்னிப்புக் கேட்டேன். "நைட் டூட்டியிலதான் பாஸ்டர் நான் அதிகமா ஜெபிக்கிறேன்" என்றாள். என்னால் பதில் பேச முடியவில்லை.

உங்கள் கதவை இன்றைக்கு யார் தட்டுகிறார்கள்? எழுந்து திறவுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென், அல்லேலூயா!