மூப்பில் வந்த நோயும் முடிவு செய்யும் உரிமையும்

இளமையில் வரும் நோய்க்கு மருந்து தேடுவதில் எவரும் தயங்குவதில்லை. முதுமையில் நோய் வரும்போதோ, "இந்த வயதில் இவ்வளவு துன்பம் எதற்கு?" என்பார் ஒருபுறம், "செய்யக்கூடிய அனைத்தையும் செய்தே தீர வேண்டும்" என்பார் மறுபுறம். இருசாராரும் அன்பினாலேயே பேசுகின்றனர். ஆயினும் அன்பு மட்டும் நல்ல முடிவைத் தந்துவிடுமா என்பது சிந்திக்கத்தக்கது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த பென்னலூரில் வாழும் 75 வயது மூதாட்டி ஒருவருக்கு மார்பகத்தில் சிறு கட்டி தோன்றி, அது புற்றுநோய் என்று உறுதியாகிறது. மகன் ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஷிப்டு முறையில் வேலை செய்பவர். சென்னைப் பக்கம் சென்றால், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. காஞ்சிபுரம் பக்கம் சென்றால், காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா பெயரால் அமைந்த அரசு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. ஆதலின் மருத்துவம் எட்டாத தொலைவில் இல்லை. எதனை ஏற்பது, எதனை விடுவது என்பதே வினா.

சிகிச்சை என்பது ஒன்றன்று, பல. கட்டியை மட்டும் அறுத்து எடுக்கலாம். மார்பகம் முழுவதையும் அகற்றலாம். அதன்பின் கதிர்வீச்சு எனில், பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள் வீதம் மூன்று முதல் ஐந்து வாரங்கள் சென்று வர வேண்டும். களைப்பும் தோல் புண்படுதலும் உண்டாகலாம். கீமோதெரபியில் வாந்தி, முடி உதிர்தல், கிருமிகளை எதிர்க்கும் ஆற்றல் குன்றுதல் ஆகியவை உண்டு. தளர்ந்த உடல் இவற்றைத் தாங்குவது கடினம். ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனால் வளரும் வகைக் கட்டியாயின், ஐந்து ஆண்டுகள் மாத்திரை உண்ணலாம். டமாக்சிபென் சிலருக்கு இரத்தக் குழாயில் இரத்தம் உறையச் செய்யும். அரிதாகக் கருப்பையில் புற்றுநோயை உண்டாக்கும். லெட்ரோசோல் மூட்டுவலி தரும். எலும்பின் வலிமையைக் குறைக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பயன் உண்டு; ஒரு விலையும் உண்டு.

இவ்விரண்டையும் நிறுத்துப் பார்க்க அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு உதவுகிறது. 70 வயதும் அதற்கு மேலும் ஆகி, ஹார்மோனால் வளரும் சிறிய கட்டி கொண்டிருந்த 636 பெண்கள் அதில் பங்கேற்றனர். அனைவருக்கும் கட்டி அகற்றப்பட்டு டமாக்சிபென் தரப்பட்டது. பாதிப் பேருக்கு மட்டும் கதிர்வீச்சும் தரப்பட்டது. 2013-இல் வெளியான நீண்டகால முடிவின்படி, பத்து ஆண்டுகளில் அதே மார்பகத்திலோ அருகிலோ நோய் மீண்டவர்கள் கதிர்வீச்சுப் பெற்றோரில் நூற்றுக்கு 2 பேர். பெறாதோரில் 10 பேர். ஆனால் உயிர் வாழ்ந்த காலத்தில் இரு பிரிவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இறந்த 334 பேரில் மார்பகப் புற்றுநோயால் இறந்தவர் 21 பேரே.

ஆகவே, அத்தகைய நிலையில் உள்ள ஒருவர் மருத்துவரைக் கலந்து கதிர்வீச்சை விடுவது உயிரை வெறுப்பதாகாது. நோய் மீளாதிருக்க அதனை ஏற்பது உயிராசையும் ஆகாது. இரண்டும் அறிவுடைய முடிவுகளே.

இதனைக் கொண்டு, "வயதாகிவிட்டது, ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று முடிவு கட்டுவது பெரும் பிழை. அந்த ஆய்வில் எவரும் சிகிச்சையின்றி விடப்படவில்லை. கவனியாது விட்ட கட்டி தோலைக் கிழித்துப் புண்ணாகலாம். எலும்பிற்குப் பரவி ஓயாத வலி தரலாம். சும்மா இருத்தல் துன்பமற்ற வழியன்று. செலவுக்கும் அலைச்சலுக்கும் அஞ்சி வயதைக் காரணம் காட்டுவோமாயின், அது அஹிம்சை ஆகாது. ஆயுதமில்லாத ஹிம்சையே ஆகும்.

நம் குடும்பங்களில் மூத்தோர் சிலர், "எனக்கு மருந்து வேண்டாம்; சல்லேகனை ஏற்கிறேன்" என்று சொல்வதுண்டு. ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்டக சிராவகாசாரத்தில், நோய் முதலியன மாற்று வழியற்று வந்து நிற்கும் நிலையிலேயே அவ்விரதத்தை வைத்துள்ளார். மருந்தால் தீரக்கூடிய நோய் அந்நிலை ஆகாது. மகனுக்குச் சம்பளம் போகுமே, மருமகளுக்குத் தொல்லையாகுமே என்ற கலக்கத்தில் சொல்லும் "வேண்டாம்" விரதமும் ஆகாது. அச்சொல்லைக் கேட்டவுடன் ஏற்றுக்கொள்ளாமல், அதன் பின்னுள்ள அச்சத்தை முதலில் நீக்குவதே பிள்ளைகளின் கடமை.

அதனினும் கொடியது, நோயின் பெயரையே அவரிடம் மறைப்பது. "அம்மாவிடம் சொல்லாதீர்கள், தாங்க மாட்டார்கள்" என்று மருத்துவரை வேண்டுவோர் பலர். உடல் அவருடையது, வலியும் அவருடையது. உண்மையை மறைத்தபின் அவர் தரும் சம்மதத்திற்குப் பொருள் ஏது? சத்தியமும் நம் விரதங்களுள் ஒன்றன்றோ?

அநேகாந்தம் காட்டும் பார்வை இங்கே கைகொடுக்கும். மருத்துவர் கட்டியைக் காண்கிறார். மகன் தாயை இழக்கும் நாளைக் காண்கிறான். தாயோ தன் எஞ்சிய நாட்களைக் காண்கிறாள். மூன்றும் உண்மையின் பகுதிகளே. மூவரும் ஒன்றாக அமர்ந்து சில வினாக்களைக் கேட்க வேண்டும். இச்சிகிச்சை ஆயுளை நீட்டுமா, நோய் மீள்வதை மட்டும் தடுக்குமா? நூறு பேரில் எத்தனை பேருக்குப் பயன்? இதனை விட்டால் நேர்வது யாது? சர்க்கரையும் இதய நோயும் உள்ள உடல் இதனைத் தாங்குமா? விடைகளைக் கேட்டபின் இறுதிச் சொல் அந்தத் தாயினுடையதாக இருக்கட்டும்.

அவர் எவ்வழியைத் தேர்ந்தாலும், அவ்வழியில் அவருடன் நடப்பதே இல்லறத்தார்க்குரிய அறமாகும்.