நீதி கொடைப் பொருளாகுமா?

ஒரு நாட்டு மக்களுக்கு மற்றொரு நாட்டார் உணவு அளிக்கலாம்; மருந்து அளிக்கலாம்; பாலமும் அணையும் கட்டித் தரலாம். நீதியையும் அவ்வாறு அளிக்க இயலுமா? அளிப்பவர் அயலார் என்பதனாலேயே நல்ல தீர்ப்பு தீயதாகிவிடுமா? அன்றி, தீர்ப்பு நன்றாயின் தீர்ப்பவர் யாராயினும் ஆகுக என்று நாம் அமைதி கொள்ளலாமா? விடுதலை பெற்ற நாட்டில் வாழும் நமக்கு விடை எளிதெனத் தோன்றும். ஆயின் எகிப்து நாட்டு நீதிமன்றங்களின் வரலாற்றைச் சற்றே ஊன்றிக் கற்போமாயின், அது அத்துணை எளிதன்று என்பது புலனாகும்.

1882-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் படைகள் எகிப்தைக் கைப்பற்றின. எனினும் 1914 டிசம்பர் வரை அந்நாட்டைத் தம் பாதுகாப்பு நாடென அவர்கள் வெளிப்படையாக அறிவிக்கவில்லை. கெதீவ் என்னும் மன்னர் அரியணையில் இருந்தார். எகிப்திய அமைச்சர்களே ஆணைகளில் கையொப்பமிட்டனர். முதன்மையான அமைச்சகங்களில் மட்டும் ஆங்கில ஆலோசகர் ஒருவர் அமர்ந்திருந்தார். இதனைத் திரையிட்ட பாதுகாப்பாட்சி என ஆங்கிலேயரே அழைத்தனர். 1883 முதல் 1907 வரை இவ்வாட்சியின் உண்மைத் தலைவராய் விளங்கியவர் ஈவ்லின் பேரிங் என்னும் குரோமர் பிரபு. கெய்ரோ செல்லுமுன் இந்தியாவில் வைசிராயின் அவையில் நிதிப் பொறுப்பு வகித்தவர் அவர்.

அக்காலத்திற்கு முன் எகிப்திய உழவனின் முதுகு அறிந்த சட்டம் ஒன்றே. அது கூர்பாஜ் என்னும் தோற்சாட்டை. வரி தண்டவும் அதுவே கருவி; வாக்குமூலம் பெறவும் அதுவே கருவி. 1883-இல், பின்னாளில் நம் நாட்டு வைசிராயாக வந்த டஃபரின் பிரபுவின் முயற்சியால் அச்சாட்டை தடை செய்யப்பட்டது. தம் ஆட்சியின் பெருமைகளுள் ஒன்றாக இதனைக் குரோமர் கருதினார். அப்பெருமை பொய்யன்று.

நீதிச் சீர்திருத்தத்தை ஆங்கிலேயரே தொடங்கினர் என்று எண்ணுதலும் பிழையாகும். அயல்நாட்டார் தத்தம் தூதரகங்களுக்கே கட்டுப்பட்டிருந்த நிலையை மாற்ற முயன்று, 1876-இல் கலப்பு நீதிமன்றங்களைச் செயற்படச் செய்தவர் நூபார் பாஷா என்னும் எகிப்திய அமைச்சர். நாட்டு மக்களின் வழக்குகளுக்கெனப் பிரெஞ்சு முறையைத் தழுவிய சட்டங்களோடு 1883-இல் புதிய மன்றங்கள் உருவாயின. ஆனால் கட்டடம் எழுந்த விரைவில் தகுதி எழவில்லை. பயிற்சியற்றோர் பலர் நீதிபதிகளாயினர், வழக்குகள் தேங்கின.

இந்நிலையில்தான் சர் ஜான் ஸ்காட் அழைக்கப்பட்டார். முன்னர் அலெக்சாந்திரியாவின் கலப்பு மன்றத்தில் பணியாற்றி, பின் பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதியாய் இருந்த அவர், 1890-இல் எகிப்தின் மன்றங்களை ஆராய்ந்தார். 1891-இல் நீதித்துறை ஆலோசகரானார். அந்நியர் ஒருவர் நீதித்துறையுள் புகுவதை முதலமைச்சர் ரியாஸ் பாஷா எதிர்த்தார். அவ்வாண்டே பதவி விலகினார். ஸ்காட் செய்தவை யாவை? சட்டம் கற்றோரே நீதிபதியாதல் வேண்டும் என வலியுறுத்தினார். சிறு வழக்குகளை ஒரே நீதிபதி விரைந்து விசாரிக்கும் மன்றங்களைப் பெருக்கி, நீதியை உழவனின் ஊருக்கு அருகே கொணர்ந்தார். தீர்ப்புகளைப் பார்வையிட்டுத் திருத்தம் கூறும் குழு ஒன்றையும் அமைத்தார்.

இங்கே நாம் நடுவுநிலை தவறுதல் கூடாது. ஒரு காணி நிலத்திற்காகத் தலைநகர் சென்று அலைந்த ஏழைக்கு அருகிலேயே மன்றம் கிடைத்ததெனின், அஃது உண்மையான நன்மை. ரியாஸ் பாஷாவின் தன்மானத்தைப் போற்றும் நாம், அவ்வேழையின் கால்வலியை மறத்தல் அறமாகாது.

ஆயின் இக்கதைக்கு மறுபக்கம் ஒன்று உண்டு. 1895 பிப்ரவரியில் ஓர் ஆணை பிறந்தது. பிரிட்டிஷ் படையினருக்கு எதிராக எகிப்தியர் இழைக்கும் குற்றங்களைத் தனி மன்றம் விசாரிக்கும் என்றது அது. அம்மன்றம் நாட்டின் தண்டனைச் சட்டத்திற்குக் கட்டுப்பட்டதன்று. அதன் தீர்ப்பின்மேல் முறையீடும் இல்லை. பொது விதிகளை அழகுற வகுத்தவர்கள், தமக்கென ஒரு விலக்கையும் எழுதி வைத்துக்கொண்டனர். கோப்புகளோடு பழகியோர் அறிவர்: விதியின் இயல்பை அறிய விதியைப் படித்தால் போதாது, விலக்கைப் படித்தல் வேண்டும்.

1906 ஜூன் 13 அன்று அவ்விலக்கு விழித்தது. மெனூஃபியா மாநிலத்துத் தென்ஷவாய் என்னும் சிற்றூரில் பிரிட்டிஷ் அதிகாரிகள் ஐவர் புறா வேட்டையாடினர். அவை காட்டுப் புறாக்கள் அல்ல. ஊரார் வளர்த்த புறாக்கள். கைகலப்பு மூண்டது, ஒரு பெண் துப்பாக்கிக் குண்டால் காயமுற்றாள், அதிகாரிகளும் அடிபட்டனர். தலையில் அடிபட்ட கேப்டன் புல் என்பவர் கடும் வெயிலில் நெடுந்தொலைவு ஓடி வீழ்ந்து இறந்தார். வெயிலின் தாக்குதலே இறப்பிற்குக் காரணம் என மருத்துவச் சான்று கூறியது.

52 பேர் தனி மன்றத்தின் முன் நிறுத்தப்பட்டனர். விசாரணை தொடங்கிய சில நாள்களிலேயே, ஜூன் 27 அன்று, தீர்ப்பு வந்தது. நால்வருக்குத் தூக்கு, இருவருக்கு ஆயுள் தண்டனை, மற்றும் சிலருக்குச் சிறையும் ஐம்பது கசையடியும். மறுநாளே அவ்வூரில், சுற்றத்தார் கண்ணெதிரே, அவை நிறைவேற்றப்பட்டன. எந்தச் சாட்டையை ஒழித்ததாகப் பெருமை கொண்டனரோ, அதே சாட்டையின் ஓசை அரசின் ஆணையாலேயே மீண்டும் கேட்டது.

நம் சிலப்பதிகாரத்துப் பாண்டியனும் ஆராயாது கொன்றான். ஆயின் கண்ணகிக்கு வாயில் திறந்தது. மன்னன் அவள் வழக்கைக் கேட்டான். தன் பிழைக்குத் தன்னையே தண்டித்துக்கொண்டான். தென்ஷவாய்ப் பெண்கள் சிலம்பேந்திச் செல்ல ஓர் அவை இல்லை. தன் செயலைத் தன் மன்றத்தின் முன் நிறுத்த மறுக்கும் ஆட்சி, எத்துணை மன்றங்கள் கட்டினும் நீதியைக் கட்டியதாகாது. பிறருக்குள் நிகழும் பூசலைத் தீர்த்து வைத்தல் நிருவாகத் திறமை. தன்மேல் வரும் வழக்கிற்கும் தலைவணங்குதலே நீதி. இந்தியாவிலும் 1883-இல் இதே வினா எழவில்லையா? ஐரோப்பியரை மாவட்டங்களில் இந்திய நீதிபதிகள் விசாரிக்கலாம் என இல்பர்ட் மசோதா கூறியபோது எத்துணைக் கூக்குரல் எழுந்தது! 1884-இல் அது சட்டமானபோது, பாதிக்குக் குறையாமல் ஐரோப்பியரைக் கொண்ட ஜூரியைக் கோரும் உரிமை அவர்களுக்கு வழங்கப்பட்டுவிட்டது.

இன்னும் ஒரு கசப்பான உண்மை உண்டு. தென்ஷவாய் மன்றத்தின் தலைவர் பூட்ரோஸ் காலி பாஷா. உறுப்பினருள் ஒருவர் அகமது ஃபாதி ஜக்லுல். இருவரும் எகிப்தியர். ஜக்லுல், சட்ட நெறிகள் பற்றிய பெந்தாமின் நூலை அரபியில் பெயர்த்த அறிஞர். நாட்டின் விடுதலைத் தலைவர் சாத் ஜக்லுலின் உடன்பிறந்தவர். கல்வி குறைவில்லை, அறிவு குறைவில்லை. ஆணை வகுத்தவர் வேறொருவர், நான் கையொப்பமிட்டவன் மட்டுமே என்னும் சமாதானம் அவர்களுக்கு இருந்திருக்கலாம். வரலாறு அச்சமாதானத்தை ஏற்கவில்லை. கைகளின்றி எந்த ஆணையும் நடவாது. ஆகவே கைகளுக்கும் அறம் உண்டு.

அத்தீர்ப்பின் எதிரொலி கடல் கடந்தது. பெர்னார்ட் ஷா அதனைக் கண்டித்து எழுதினார். 1907-இல் குரோமர் பதவி விலகினார். 1908-இல் சிறைப்பட்டோர் விடுவிக்கப்பட்டனர். 1922-இல் பாதுகாப்பாட்சி முடிந்தது. 1949-இல் கலப்பு மன்றங்கள் மூடப்பட்டு, வழக்குகள் யாவும் எகிப்தியரின் மன்றங்களுக்கே வந்து சேர்ந்தன. ஆங்கிலேயர் செப்பம் செய்தவற்றை எகிப்தியர் இடித்தெறியவில்லை, தமதாக்கிக்கொண்டனர். ஏனெனில் மன்றத்தில் குறையில்லை. அதற்கு மேலே ஒருவர் நின்றதே குறை.

ஆதலின் தொடக்க வினாவிற்கு இவ்வாறு விடை கூறலாம். நீதிமன்றத்தைக் கொடையாக அளிக்கலாம். நீதியை அளிக்க இயலாது. கொடுப்பவனையே கூண்டில் நிறுத்தும் உரிமை பெறுபவனுக்கு வரும் நாளிலேதான் அக்கொடை நீதியாகிறது. இது பிரிட்டிஷாருக்கு மட்டும் உரிய பாடமன்று. அவசரச் சட்டங்களையும் தனி மன்றங்களையும் சுதந்திர நாடுகளும் இயற்றுகின்றன. அலுவலகத்தில் மேலாளர்க்கொரு விதி, வீட்டில் ஆண்மகனுக்கொரு விதி என நாமும் சிறு சிறு விலக்குகளை எழுதி வைத்துக்கொண்டுதான் வாழ்கிறோம். பிறர்க்கு வகுத்த விதிக்கு நாமும் உட்படுகிறோமா என்பதே உரைகல். அதில் உரைத்துப் பார்க்கத் துணியாதவரை, நாம் நடத்துவது ஆட்சியே, நீதியன்று.