உரித்த பூண்டு – ஒரு கப்

சமையல் குறிப்புகளின் பொருட்பட்டியலில் இப்படி ஒரு வரி இருக்கும்: உரித்த பூண்டு – ஒரு கப். அதற்குக் கீழேயே, செய்ய ஆகும் நேரம் இருபது நிமிடம் என்றும் இருக்கும். அந்த ஒரு கப் பூண்டை உரித்தது யார், எப்போது உரித்தார், எவ்வளவு நேரம் உரித்தார் என்பதெல்லாம் ‘உரித்த’ என்ற பெயரெச்சத்துக்குள் ஒளிந்துகொள்கின்றன. நாட்டுப் பூண்டு என்றால் அதன் ஒல்லிப் பற்களை ஒரு கப் நிறைய உரிப்பதற்குள் ஒரு சீரியல் முடிந்துவிடும். செய்தவரைச் சொல்லாமல் செயலை மட்டும் சொல்ல நம் மொழியில் வசதி இருக்கிறது. சமையலறையைப் பற்றிப் பேசும்போது அந்த வசதியை நாம் தாராளமாக எடுத்துக்கொள்கிறோம். சாதம் வடிச்சாச்சு, குழம்பு கொதிச்சாச்சு, பூண்டு உரிச்சாச்சு.

பூண்டை எதைக் கொண்டு எப்படிப் பக்குவப்படுத்துவது என்பது அற்பமான கேள்வி இல்லை. ரசத்துக்குத் தோலோடு தட்டிப் போட வேண்டும். பூண்டுக் குழம்புக்கு முழுப் பல்லாக நல்லெண்ணெயில் வதக்க வேண்டும். பிரியாணிக்கு இஞ்சியோடு சேர்த்து மையாக அரைக்க வேண்டும். கீரைக்கு இரண்டு பல்லைக் கத்தியின் பக்கவாட்டில் வைத்து ஓர் அமுக்கு அமுக்கினால் போதும். பூண்டுப் பல்லுக்குள் அலின் என்ற பொருளும் அலினேஸ் என்ற நொதியும் தனித்தனி அறைகளில் இருக்கின்றன. நறுக்கினாலோ நசுக்கினாலோ சுவர் உடைந்து இரண்டும் சேர்கின்றன. அப்போது பிறக்கும் அலிசின்தான் அந்தக் காரமும் நெடியும். அதைப் பிரித்தெடுத்து அடையாளம் கண்டவர்கள் செஸ்டர் கவலிட்டோவும் ஜான் பெய்லியும், ஆண்டு 1944. எவ்வளவு நைய நசுக்குகிறோமோ அவ்வளவு நெடி. முழுப் பல்லைச் சூட்டில் போட்டால் இரண்டும் சேர்வதற்கு முன்பே நொதி செயலிழந்துவிடும், அதனால் குழம்பில் வெந்த பூண்டு இனிக்கிறது. பெயர்கள் தெரியாமலே இதையெல்லாம் கைக்கணக்கில் வைத்திருந்தவர்கள் நம் வீட்டுப் பெண்கள். அது ஓர் அறிவு. கைப்பக்குவம் என்று அதைப் புகழ்வார்கள், அறிவு என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

ஆகவே, அம்மியில் அரைத்ததற்கும் மிக்ஸியில் அடித்ததற்கும் ருசி வேறு என்று ஒருவர் சொன்னால் அவரோடு சண்டைக்குப் போக மாட்டேன். அம்மி நசுக்கி இழுக்கிறது, மிக்ஸியின் பிளேடு வெட்டிச் சிதறடிக்கிறது. வேறுபாடு உண்மை. என் சண்டை அடுத்த வாக்கியத்தோடுதான்: ‘ஆகவே நீ அம்மியில் அரை.’ இது ருசியாக இருக்கிறது என்பதற்கும், இதை நீ செய்ய வேண்டும் என்பதற்கும் நடுவில் ஒரு படி இருக்க வேண்டும். உன் முக்கால் மணி நேரத்தின் மேல் எனக்கு உரிமை உண்டு என்பது அந்தப் படி. வாய்விட்டுச் சொன்னால் கூசும் என்பதால் அதை யாரும் சொல்வதில்லை. ருசியே பேசிக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். 2021இல் வந்த மலையாளப் படம் ‘தி கிரேட் இந்தியன் கிச்சன்’, இரண்டாண்டு கழித்துத் தமிழிலும் எடுக்கப்பட்டது. அதில் வரும் மாமனார் குரலை உயர்த்தவே மாட்டார். சட்னியை அம்மியில் அரைக்கலாமே, சோற்றை விறகடுப்பில் வைக்கலாமே என்று இதமாகத்தான் கேட்பார். படம் பார்த்த பலருக்கும் வயிறு எரிந்தது அந்த இதத்தைக் கண்டுதான்.

ருசி எடுபடாத இடத்தில் ஆரோக்கியத்தைக் கொண்டுவருவார்கள். அம்மி அரைத்த காலத்தில் எல்லாம் சுகப்பிரசவம், மிக்ஸி வந்த பிறகு சிசேரியன் என்று வாட்ஸப்பில் ஆண்டுக்கு நாலு முறையாவது வந்து சேர்கிறதே, அது. அந்தக் காலத்துப் பிரசவங்களில் எத்தனை தாய்கள் செத்தார்கள் என்பது அந்தச் செய்தியில் இருப்பதில்லை. குனிந்து அரைப்பது அவ்வளவு நல்ல உடற்பயிற்சி என்றால், தொப்பை குறைக்க வேண்டிய ஆண்கள் வரிசையில் நின்றிருக்க வேண்டும். நம் கல்யாணத்தில் மணப்பெண்ணின் காலைப் பிடித்து அம்மிமேல் வைக்கிறார்கள், கல்லைப்போல் உறுதியாக இரு என்று. காலைப் பிடித்து வைப்பதோடு மாப்பிள்ளையின் வேலை சரி. சடங்கில் அன்று மிதித்த கல்லோடு மறுநாள் முதல் மல்லுக்கட்ட வேண்டியவளும் அவள்தான். தேய்ந்துபோன அம்மியைக் கொத்தித் தருகிறோம் என்று தெருவில் கூவி வந்தவர்களின் குரலைக் கேட்டு வாசலுக்கு ஓடியவளும் அவள்தான்.

கருவிகளைப் பற்றிய இந்தத் தூய்மைவாதம் நம் ஊரோடு நிற்பதில்லை. பூண்டு நசுக்கி என்ற சின்னக் கருவியை எலிசபெத் டேவிட் வன்மையாகக் கண்டித்து எழுதினார். ஆன்டனி போர்டைன் 2000இல் வெளிவந்த தன் புத்தகத்தில் திட்டித் தீர்த்தார். கத்தியின் தட்டைப் பக்கத்தால் நசுக்கிப் பொடியாக நறுக்குவதே முறை என்பது சமையல்காரர்களின் பொதுவான கட்சி. ஆனால் ஓட்டல் சமையலறையில் காலையிலேயே கிலோ கணக்கில் பூண்டு உரித்துவைக்கச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. மூட்டுவலி உள்ள ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணின் வீட்டில் இல்லை. அவளுக்கு அந்த நசுக்கிதான் விரல்.

மிக்ஸி வந்தது விடுதலையா என்றால், பாதி விடுதலை என்று சொல்வேன். 1960களில் மனைவியின் ஜெர்மன் மிக்ஸி பழுதாகி, அதைச் சரிசெய்ய இங்கே வழியில்லாமல்போக, சத்யபிரகாஷ் மாத்துர் என்ற பொறியாளர் நம் அரைப்புக்கு ஈடுகொடுக்கும் ஒன்றைச் செய்ய முனைந்தார். ‘சுமீத்’ அப்படிப் பிறந்தது. 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி கொடுக்கத் தொடங்கியபோது, ஓட்டுக்கு லஞ்சம், மக்களைச் சோம்பேறியாக்குகிறார்கள் என்று எழுதினார்கள். அப்படி எழுதியவர்களில் எத்தனை பேர் குழவி பிடித்திருப்பார்கள்? ஆனால் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1983இல் ஒரு நூல் முழுக்கச் சொன்னது இங்கேயும் நடந்தது. வீட்டுக்கருவிகள் வந்தன, வேலையின் தரம் உயர்த்தப்பட்டது, நேரம் மிச்சமாகவில்லை. மிக்ஸி இருக்கிறதே என்று காலைக்கு இரண்டு சட்னி. இஞ்சி பூண்டு விழுது ஞாயிற்றுக்கிழமையே அரைத்து ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். பிளேடுக்கு அடியில் ஒட்டிய விழுதைத் தோண்டிக் கழுவும் வேலையை எந்த விளம்பரத்திலும் காட்டுவதில்லை. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்காக ஒரு நாளில் செலவிடுவது சராசரியாக 299 நிமிடம். அந்த வேலை செய்யும் ஆண்கள் செலவிடுவது 97 நிமிடம். ஆனால் அந்த வேலையைச் செய்ததாகப் பதிவான ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான். பொத்தானை அமுக்கினால் ஓடுகிற கருவி, எந்த விரல் அமுக்குகிறது என்று பார்ப்பதில்லை. வீடு பார்க்கிறது.

இதுவரை நான் சொன்னதை நம்மில் பலர் தலையாட்டி ஏற்றுக்கொள்வோம். சங்கடம் அடுத்த கட்டத்தில்தான். உரித்த பூண்டு இப்போது பாக்கெட்டில் கிடைக்கிறது. காற்றழுத்த எந்திரங்கள் உரிப்பதும் உண்டு. ஆனால் சந்தைத் தெருக்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலிக்கு உரிப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். முதலில் பூண்டை வெந்நீரில் ஊறவைப்பார்கள், அல்லது எண்ணெய் தடவி வெயிலில் காயவைப்பார்கள். அப்படியும் மூன்றாவது கிலோவில் நகக்கண் எரியத் தொடங்கும், நாள் முழுக்க உரித்தால் விரல்நுனித் தோல் வெந்துபோகும். என் முக்கால் மணி நேரத்தை நான் பாக்கெட்டுக்குக் காசு கொடுத்து மீட்டேன். அது காற்றில் கரைந்துபோகவில்லை. இன்னொரு பெண்ணின் மடியில் போய் விழுந்தது, அதுவும் மலிவாக.

அப்படியென்றால் பாக்கெட் வாங்குவது தப்பா? இந்தக் கேள்வி வேலைக்குப் போகிற பெண்ணிடம் மட்டுமே கேட்கப்படுகிறது என்பதை முதலில் கவனிக்க வேண்டும். உரித்த பூண்டில் செய்த குழம்பை உண்டு எழுந்தவரிடம் யாரும் கேட்பதில்லை. குற்றவுணர்ச்சியும் சமையலறைப் பாத்திரம்போல அவள் பங்குக்கே வந்து சேர்கிறது. அதற்காக உரிப்பவளின் விரலை மறந்துவிடவும் முடியாது. நான் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்தால் அவள் கூலி உயரப் போவதில்லை, அன்றைய கூலியே போகும். அவளுக்குத் தேவை கிலோவுக்குக் கூடுதல் கூலி, கையுறை, வீட்டிலிருந்து செய்யும் வேலையும் வேலைதான் என்று சட்டத்தில் ஓர் இடம். வாங்குகிறவளின் வெட்கத்தால் இவற்றில் ஒன்றும் கிடைக்காது. அதனால்தான் வெட்கப்படு என்று சொல்வது எல்லோருக்கும் சௌகரியமாக இருக்கிறது.

பெண்ணுக்காக மற்றவர்கள் உட்கார்ந்து பூண்டு உரிக்கும் காலம் ஒன்று நம் வழக்கத்தில் உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறவேண்டும் என்று அம்மாவும் சித்தியும் பாட்டியும் முறம் நிறையப் பூண்டை வைத்துக்கொண்டு உரிப்பார்கள். பூண்டுக் குழம்பு, பூண்டு லேகியம், பாலில் வெந்த பூண்டு. அந்த நாற்பது நாள் கவனிப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை, அந்த வாசனையை மறக்கவும் முடியாது. ஆனால் பால் குடி மறந்ததும் முறம் அவள் மடிக்கு வந்துவிடுகிறது.

அம்மியை விரும்புகிற பெண்களும் இருக்கிறார்கள், அவர்கள் ஏமாந்தவர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. கல்லின் சத்தமும், குழவி உருள உருள மணம் மாறுவதும் ஒரு சுகம்தான். அந்த விருப்பம் அவளுடையதா, பழக்கிவைத்ததா என்று வெளியிலிருந்து சொல்வது கடினம். ஒரு சோதனை மட்டும் தோன்றுகிறது. வீட்டில் எல்லோரும் ஊருக்குப் போய்விட்ட நாளில், தான் மட்டும் சாப்பிட என்றால் அவள் எந்தக் கருவியை எடுப்பாள்? தோழிகள் பலரிடம் கேட்டுப் பார்த்தேன். அம்மி என்று ஒருத்தி சொன்னாள். நாலு பல்லைத் தோலோடு தட்டி ரசம் வைப்பேன் என்று இரண்டு பேர். மற்றவர்கள் சொன்னது ஏறக்குறைய ஒரே பதில்: “எனக்கு மட்டும்னா எதுக்குப்பா பூண்டெல்லாம்? மோர் ஊத்திச் சாப்பிட்டுக்குவேன்.”