வெற்றிடமும் வாய்மையும்

ஓர் ஏட்டில் உள்ளதை மற்றோர் ஏட்டுக்குப் பெயர்த்தெழுதுபவன், எழுதப்பட்ட பொருளுக்குப் பொறுப்பாளியா? அவன் எதையும் ஆக்கியவனல்லன். பிறர் ஆக்கியதைக் கொண்டு சேர்ப்பவன். ஆதலின் பிழை உளதாயின் அது மூலத்துக்கே உரியது என்பது பொதுவான எண்ணம். பெயர்ப்பவன் மனிதனாக இல்லாது கணனியாக இருக்குமிடத்து இவ்வெண்ணம் மேலும் வலுப்பெறுகின்றது. ஆயினும், பெயர்க்கப்படுவது ஒரு நோயாளியின் விவரமாயின் இவ்வெண்ணத்தை அவ்வளவு எளிதில் ஏற்றுக்கொள்ளுதல் இயலாது.

வைத்தியசாலைகளின் கணனிகள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறுவதற்குரிய நியமங்களை வகுத்துவரும் எச்.எல். 7 என்னும் அமைப்பு 1987ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. அதன் பழைய இரண்டாம் பதிப்பில் ஒரு செய்தி வரிவரியாக அமையும். நிலைக்கோடுகள் ஒவ்வொரு வரியையும் களங்களாகப் பிரிக்கும். எத்தனையாவது களம் என்பதைக் கொண்டே அது பெயரா, பிறந்த நாளா என அறியப்படும். 2014ஆம் ஆண்டு சோதனை நியமமாக வெளிவந்த ஃபயர் என்னும் புதிய வடிவத்திலோ ஒவ்வொரு விவரமும் தன் பெயரைத் தாங்கி நிற்கும். முன்னையது இடத்தாற் பொருள் உணர்த்துவது. பின்னையது பெயராற் பொருள் உணர்த்துவது. ஒன்றை மற்றொன்றாக மாற்றுவதற்கு எழுதப்படும் சிறு நிரல்கள், மேலோட்டமாக நோக்குவார்க்கு வெறும் இடமாற்றமாகவே தோன்றும்.

டிக்கோயாப் பகுதித் தோட்டம் ஒன்றைச் சேர்ந்த மூதாட்டி ஒருவரின் விவரம், ஹற்றனிலிருந்து கண்டியிலுள்ள பெரிய வைத்தியசாலைக்கு இவ்வாறு அனுப்பப்படுவதாகக் கொள்வோம். முதற் சிக்கல் பெயரில் எழும். செய்தி வடிவம் குடும்பப் பெயரை முதலிற் கேட்கின்றது. தமிழ் வழக்கிலோ குடும்பப் பெயர் என ஒன்று பெரும்பாலும் இல்லை. தந்தை பெயரோ கணவன் பெயரோ தலையெழுத்தாக நிற்கும். நிரல் தந்தை பெயரை ஒருமுறையும் கணவன் பெயரை மறுமுறையும் குடும்பப் பெயராகக் கொள்ளுமாயின், ஒருத்தியே இருவராவாள்.

இரண்டாவது, பிறந்த நாள். பிறந்த ஆண்டு மட்டுமே தெரிந்த முதியோர் தோட்டங்களில் உளர். பழைய வடிவமும் புதிய வடிவமும் ஆண்டை மட்டும் குறிப்பதற்கு இடமளிக்கின்றன. ஆனால், பெறும் கணனி முழுத் திகதியையே வேண்டும்போது, நிரல் எழுதுவோர் சனவரி முதலாந் திகதியைச் சேர்த்து நிரப்பிவிடுவதுண்டு. ஒரே தோட்டத்தில் மாரியாயி என்னும் பெயருடையார் இருவர், ஒரே ஆண்டிற் பிறந்தவராக இருத்தல் வியப்பன்று. லயங்களில் வீட்டுக்கு வீடு தனி முகவரி இல்லாது, தோட்டத்தின் பெயரே எல்லோர்க்கும் முகவரியாக அமைந்த நிலையும் உண்டு. பெயரும் முகவரியும் ஒத்திருக்க, புனைந்த திகதியும் ஒத்துவிட்டால், இருவர் ஒருவராகிவிடுவர். ஒருத்திக்கு ஒவ்வாத மருந்து பற்றிய எச்சரிக்கை மற்றவளின் ஏட்டிற் சென்று சேரும்.

மூன்றாவதே யாவற்றினும் நுண்ணியது. பழைய வடிவத்தில் ஒரு களம் வெறுமையாக விடப்பட்டால், 'இதுபற்றி யாதும் கூறப்படவில்லை. முன்னிருந்தது அவ்வாறே இருக்கட்டும்' என்பது பொருள். அக்களத்தில் இரட்டை மேற்கோட் குறிகள் மட்டும் இருப்பின், 'முன்னிருந்ததை நீக்குக' என்பது பொருள். இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் நிரல், மௌனத்தைக் கட்டளையாக்கிவிடுகின்றது. இவ்வாறே, 'ஒவ்வாமை பற்றிக் கேட்கப்படவில்லை' என்பதும் 'ஒவ்வாமை எதுவும் இல்லை' என்பதும் வேறு வேறு. முன்னது அறியாமை, பின்னது அறிவு. அறியாமையை அறிவாக எழுதிவைத்தல், எண்ணம் யாதாயினும், பொய்யே ஆகும்.

ஏட்டின் வலிமையை மலையக மக்கள் நன்கறிவர். ஒரு தொழிலாளி தோட்டம் விட்டுத் தோட்டம் செல்வதைக் கடன் விவரம் தாங்கிய ஒரு கடதாசித் துண்டு தீர்மானித்த முறை, 1921ஆம் ஆண்டிலேயே சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தந்தையின் பிறப்புக்கோ தந்தைவழி முன்னோரின் பிறப்புக்கோ சான்று கேட்டபோது, இம்மண்ணிற் பிறந்தும் அதனை நிறுவும் பத்திரம் இல்லாதோர் நாடற்றவராயினர். எஞ்சியோர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலும் தேவைப்பட்டது. 'சான்று இல்லை' என்பது 'உரிமை இல்லை' எனப் பெயர்க்கப்பட்டதன் விளைவு அது. வெற்றிடத்தை இன்மையாகப் படித்தல் எத்துணைக் கொடிது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டியதில்லை.

இதற்கு ஒரு மறுப்புக் கூறப்படலாம். நோயாளியின் விவரம் உரிய வேளையிற் சென்று சேர்தலே முதன்மையானது. ஒரு திகதியைப் புனைந்தேனும் அதனை அனுப்புதல் உயிர் காக்கும். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் மெய்யின் தகுதி பெறும் என்பதன்றோ வள்ளுவர் கருத்து என வினவுவர். இம்மறுப்பு புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால், அக்கூற்றிலுள்ள நிபந்தனையும் நோக்கற்பாலது. விளையும் நன்மை குற்றமற்றது என உறுதிகொள்ள, பொய் சொல்பவன் அதன் விளைவைக் கண்டு அறிந்திருத்தல் வேண்டும். நிரல் எழுதுபவன் நோயாளியைக் காண்பதில்லை. மருத்துவர் நிரலைக் காண்பதில்லை. ஒரு முறை எழுதிய புனைவு பல்லாயிரம் ஏடுகளில் மீள்கின்றது. மெய்த் திகதிகளின் நடுவே அதனைப் பிரித்தறியவும் இயலாது. மேலும், தரவு இன்மைக்குரிய காரணத்தைக் குறிக்கவும், பெயரைப் பகுக்காது முழுமையாக எழுதவும் புதிய வடிவத்திலேயே வழியுண்டு. வழி இருக்கையில் பொய்யைத் தேவை என்று கூறுதல் பொருந்தாது. பெறும் கணனி அதனை ஏற்க மறுப்பின், அச்செய்தியைத் தனியே நிறுத்தி மனிதர் ஒருவரின் பார்வைக்கு அனுப்புதலே முறை. சிகிச்சை அதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நோயாளியிடம் வாய்விட்டுக் கேட்டு அறிதல் பெரும்பாலும் இயல்வதே. அவர் மொழியிற் கேட்பதற்கு ஆள் இருத்தல் மட்டும் வேண்டும்.

தமிழ்ப் பதிப்புலகம் இவ்வறத்தை முன்னரே அறிந்திருந்தது. உ. வே. சாமிநாதையர் 1894ஆம் ஆண்டு புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267ஆம், 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. அவர் அவ்விடங்களைத் தம் புலமையால் நிரப்பினாரல்லர். எண்களை நெருக்கி இடைவெளியை மறைத்தாருமல்லர். இழந்தது இழந்ததாகவே நின்றது. அதனாலேயே எஞ்சிய பாடல்களை நம்பிப் பயில முடிகின்றது.

பெயர்ப்பவன் பொறுப்பாளியா என்னும் வினாவுக்கு விடை இதனுள்ளேயே அடங்கியுள்ளது. மூலத்தில் உள்ள பிழைக்கு அவன் பொறுப்பாளி அல்லன். மூலத்தில் இல்லாத உறுதியை அவன் சேர்ப்பானாயின், அவ்வுறுதிக்கு அவனே ஆக்கியோன். மூலச் செய்தியை அழியாது காத்தலும், அறியாததை அறியாததென்றே குறித்தலும் அவனுடைய கடமைகளாம். தோட்டத்து மூதாட்டியின் ஏட்டிலுள்ள ஒரு வெற்றிடமும் அவளைப் பற்றிய உண்மையே என்பது மனங்கொள்ளத்தக்கது.