படிக்காசும் வாசியும்



திருஞானசம்பந்தமூர்த்திநாயனாரும் திருநாவுக்கரசுநாயனாரும் திருவீழிமிழலையிலே எழுந்தருளியிருந்த காலத்திலே, மழை பொய்த்துப் பஞ்சம் உண்டாயிற்று. வீழிநாதர் இருவருக்கும் கனவிலே தோன்றி, அடியார் பசிதீரும்பொருட்டு நாடோறும் ஒவ்வொரு காசு தருவதாகத் திருவாய்மலர்ந்தருளினார். அவ்வாறே திருக்கோயிலின் கிழக்குப் பீடத்திலே சம்பந்தமூர்த்திநாயனாருக்கும், மேற்குப் பீடத்திலே அப்பமூர்த்திகளுக்கும் படிக்காசு கிடைத்தது. இருவரும் அடியாரெல்லாம் வந்து அமுது செய்க எனப் பறை சாற்றுவித்து, தத்தம் திருமடங்களிலே அன்னமளித்தார்கள்.

ஆயின், அப்பமூர்த்திகளுடைய மடத்திலே உரிய காலத்திலே அமுது நடக்க, சம்பந்தமூர்த்திநாயனாருடைய மடத்திலே நேரந்தாழ்ந்தது. காரணம் யாதென வினாவியபொழுது, அக்காசுக்கு வணிகர் வாசி கேட்கின்றார்கள் என்று பரிசனங்கள் விண்ணப்பஞ் செய்தார்கள். வாசியாவது நாணயத்தை மாற்றும்பொழுது கழிக்கப்படும் வட்டம். கொடுத்தவர் சிவபெருமான், பெற்றவர் சிவஞானச் செல்வர், இடையிலே புகுந்த வாசியினாலே, பசித்த அடியார் இலைமுன் காத்திருக்க நேர்ந்தது. கொடுத்தல் ஒன்று; கொடுத்தது பசித்தவன் கையிலே குறைவின்றிக் காலத்திலே சேர்தல் மற்றொன்று என்பது இச்சரித்திரத்தால் நாம் அறியற்பாலது.

வித்தியாதானமும் இத்தன்மையதே. ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலரவர்கள் 1848-ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த காலந்தொட்டு, நம்மவர் கல்விக்கெனப் பொருள் வழங்கி வருகின்றனர். 1945-ஆம் ஆண்டிலே இலங்கையிற் பாடசாலைச் சம்பளம் ஒழிந்து இலவசக் கல்வி வந்தது. 1981-ஆம் ஆண்டிலே சர்வகலாசாலை மாணவர்பொருட்டு மகாபொல நிதியம் சட்டத்தால் நிறுவப்பட்டது. சம்பளம் ஒழிந்தும் வறுமை ஒழிந்ததில்லை. புத்தகம், விடுதிச் செலவு, வண்டிக்கூலி, மத்தியான உணவு என்னும் இவற்றுக்கு வழியின்றிப் படிப்பை விடுவோர் இன்றும் உளர். அவர்பொருட்டு ஊர்ச் சபைகளும், கடல்கடந்த தேசங்களில் வாழும் நம்மவரும் உபகாரச்சம்பள நிதிகளை அமைத்திருக்கின்றனர். அந்நிதிகளைப் பரிபாலிப்போர் நீக்கவேண்டிய வாசிகள் நான்கு உண்டு.

முதலாவது, காலந்தாழ்த்தல். யாம் முன்னொருகால் ஒரு தருமசபையிலே காரியதரிசியாயிருந்தோம். தைமாதத்திலே கொடுக்கவேண்டிய உபகாரச்சம்பளம், கூட்டத்துக்கு அங்கத்தவர் தொகை நிரம்பாமையாற் பங்குனிக்கும், பின்னர் ஆனிக்கும் தள்ளுண்டது. பணம் வங்கியிலே வட்டியோடு வளர்ந்திருந்தது. ஆனியிலே காசோலையைக் கொண்டு ஒரு மாணவன் வீட்டுக்குச் சென்றோம். அவன் படிப்பை விட்டுக் கொழும்பிலே ஒரு கடைக்கு வேலைக்குப் போய் இரண்டு மாதமாயிற்று என்று தாயார் சொன்னார். எம்மை ஒரு சொல்லும் நோகச்சொல்லாது, இருக்கப் பாய்விரித்து மோர் தந்தார். காசோலையை மீளக் கொணர்ந்து வரவுவைத்தோம். கணக்கின்படி அது மீதியாயிற்று. தருமத்தின்படி அது எங்கள் கடனாயிற்று. ஆதலின், கொடுக்குந் திகதியை முன்னரே குறித்து, கூட்டம் கூடினும் கூடாவிடினும் அத்திகதியிலே பணம் செல்லும்படி விதிசெய்தல் வேண்டும். படிக்காசு ஒருநாள் தந்து நின்றதன்று என்பதையும் சிந்திக்க. முதலாண்டிலே இருபதுபேரை ஏற்று, இரண்டாமாண்டிலே பொருளின்றிக் கைவிடுவதினும், ஐவரை ஏற்றுப் படிப்பு முடியுமளவும் தாங்குதல் நன்று.

இரண்டாவது, முகதாட்சணியம். சபையாருக்கு உறவினன், உபயகாரர் சிபாரிசு பெற்றவன் என்னும் இவர்கள் முந்திக்கொள்ள, சிபாரிசுக்கடிதம் எழுதுவிக்க ஒருவரையும் அறியாத கூலியாளர் மகன் பிந்துகின்றான். இதனை நீக்கும் வழி யாதெனின், நாயன்மார் இருவரும் பறை சாற்றுவித்தமைபோல, தகுதியும் முடிவுநாளும் எல்லாருக்குந் தெரியும்படி அறிவித்தல். விண்ணப்பங்களைப் பெயர் மறைத்து நிறுத்தல். உறவுடைய அங்கத்தவர் அப்பொழுது புறத்தே செல்லுதல். கிராம உத்தியோகத்தருடைய அத்தாட்சியோடு அமையாது, ஒருவர் வீட்டுக்குச் சென்று நேரிற் காணுதல் என்பனவாம்.

மூன்றாவது, புகழாசை. அப்பூதியடிகணாயனார் தாம் கண்டிராத அப்பமூர்த்திகளுடைய திருப்பெயராலே தண்ணீர்ப்பந்தர் முதலிய தருமங்களைச் செய்தார், தம்பெயரை எழுதினாரல்லர். நாமோ மாணவனை மேடையிலே நிறுத்திப் பெரிய காசோலையைப் பிடிப்பித்துப் படமெடுத்து ஊரெங்கும் பரப்புகின்றோம். அவனுடைய வறுமை அவனுக்கும் சபைக்கும் மாத்திரந் தெரியவேண்டியது. நாணத்தை விலையாகக் கொடுத்து வாங்கும் உதவிக்கும் வாசி உண்டு.

நான்காவது, கணக்குப் பிறழ்ச்சி. கோட்புலிநாயனார் சிவபெருமானுக்குத் திருவமுதின்பொருட்டு நெல்லைச் சேர்த்துவைத்து, அதனை ஒருவரும் எடாதபடி சுற்றத்தாருக்கு ஆணையிட்டுப் போருக்குச் சென்றார். பஞ்சத்திலே அதனை உண்ட சுற்றத்தார் அடைந்த தண்டம் பெரியபுராணம் படித்தார் யாவரும் அறிந்தது. நாம் கைக்கொள்ளற்பாலது அவர் வாளையன்று. இன்ன காரியத்துக்கென வைத்த பொருள் வேறு காரியத்துக்கு ஆகாது என்னும் உறுதியையேயாம். மாணவர்நிதியை மண்டபத்துக்கு வர்ணம் பூசுதற்குக் கைமாற்றாக எடுத்துப் பின் வைப்போம் என்று எண்ணுதல் கூடாது. நிதிக்குத் தனி வங்கிக்கணக்கும், ஒவ்வொரு கொடைக்கும் பற்றுச்சீட்டும், வருடந்தோறும் சபையைச் சாராத ஒருவராற் கணக்காய்வும் வேண்டும். முதலைத் தொடாது வட்டியிலே செலவிடுக என்று உபயகாரர் எழுதியிருப்பாராயின், வட்டி குறைந்த வருடத்திலே கொடைகளைக் குறைக்கலாமேயன்றி, முதலிலே கைவைத்தல் ஆகாது.

இனி, அப்பமூர்த்திகளுடைய காசு வாசியின்றிச் சென்றது எதனாலெனின், அவர் உழவாரங்கொண்டு கைத்தொண்டு செய்பவராதலின் என்பதைச் சம்பந்தமூர்த்திநாயனார் தாமே உணர்ந்தருளினார். பின்னர் வாசி தீரும்படி திருப்பதிகம் பாடி நற்காசு பெற்றார். விண்ணப்பத்தை வாசித்தல், வெயிலிலே வீடுதேடிச் செல்லுதல், கணக்கை எழுதுதல், தவணைதோறும் மாணவன் வரவையும் பெறுபேற்றையும் விசாரித்தல் என்னும் இவை புகழில்லாத வேலைகள். இவையே தருமகர்த்தாக்களுடைய உழவாரத்தொண்டு. உபயகாரர் பொருள் எத்துணைப் பெரிதாயினும், இக்கைத்தொண்டு இல்லாதவிடத்து வாசி புகும்.

உதவி பெற்ற மாணவர்களே! பஞ்சம் நீங்கி மழை பெய்தபின் நீங்களும் ஒரு பிடியரிசி எடுத்துவையுங்கள். தருமகர்த்தாக்களே! இவ்வருடத்துத் தவணைத் திகதி யாதென இன்றே பாருங்கள். அந்நாளை எண்ணிக்கொண்டு ஒரு வீட்டிலே ஒரு பிள்ளை புத்தகத்தை மூடாது வைத்திருக்கின்றது. வீழிமிழலைப் பெருமான் திருவருள் உங்கள் கையிலே நின்று நடத்துக.

திருச்சிற்றம்பலம்.